புழுவுக்குப் பிரியமானவள்

அத்தியாயம் 9

"ஒரு கொலைகாரி, விஷத்த சீசால போட்டு, மேல 'மகா விஷம்'னு லேபிளும் ஒட்டி, குழந்தையோட பால் பவுடர் டப்பா பக்கத்துல வெச்சிருக்கா மேடம். இவ்ளோ நேர்மையான கொலைகாரிய என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல."

ரங்காவின் சர்வீஸ் என்பது அவன் ஆட்டோ ஓட்டிய காலத்தையும் சேர்த்து. கோமளத்திடம் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு ஆட்டோவை விற்று ஒரு கிழட்டு ஆம்னி வாங்கினான். வாயை மட்டும் மாற்றவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் சப்-இன்ஸ்பெக்டர் பிரசன்னா ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "கேக்குது ரங்கா," என்றார்.

"கேக்கணும்னுதான் சார் சொன்னேன்."

கோமளம் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது அவளுக்கு எல்லாமே. கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது. போன கோடையில் கணவர் இறந்ததிலிருந்து இப்படித்தான். சாப்பாட்டில் உப்பு தூக்கலா, காரம் கம்மியா என்பதை ரங்கா சொன்னால்தான் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியில் வருஷக்கணக்காகப் பொய் க்ளெய்ம்களைத் துருவித் துருவிப் பார்த்த பழக்கம் மட்டும், ஆள் எழுந்து போன அறையில் சுற்றும் ஃபேன் மாதிரி, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

செத்தவர் வைத்தியர் சுப்பராயன். காக்ஸ் டவுனில் கீழே மருந்துக் கடையும் கிடங்கும், மேலே வீடும். போன வாரம் ஒரு சாயங்காலம் டீ குடித்தார். உதடு மரத்துப்போகிறது என்றார். நாக்கும் மரத்துவிட்டது என்றார். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் இதயம் நின்றுவிட்டது. டீயில் நாபி என்ற விஷக் கிழங்கு கலந்திருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். கடையிலேயே பூட்டி வைத்திருக்கும் சரக்குதான்.

டீ போட்டவள் கிரேஸ். ஜீவனஹள்ளிப் பெண். மேலே சமையல், கீழே மருந்துப் பொட்டலம் கட்டுவது, இரண்டும் அவள்தான். அவள் வீட்டைச் சோதனை போட்டபோது அந்தச் சீசா கிடைத்தது. அன்றைக்கே உள்ளே தள்ளிவிட்டார்கள். அவளுடைய கைக்குழந்தை இப்போது பாட்டி லூர்துமேரியிடம் இருந்தது. புட்டிப் பாலை வாயில் வைத்தால் துப்பிவிட்டு அழுகிறதாம். நாளைக் காலையில் ஜாமீன் மனு. சீசா கேஸில் இருக்கும்வரை ஜாமீனை மறந்துவிடுங்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

கோமளத்தை அமர்த்தியது செத்தவரின் மகள் மமதா. விவேக் நகரில் மெழுகுவத்திக் கடை மாடியிலிருந்த துப்பறியும் ஆபீசுக்கு வந்து, உட்காராமலே ஒரே ஒரு விஷயம் சொன்னாள்: "கிரேஸ் செய்யல. செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியணும். யாரா இருந்தாலும்."

"சீசாவக் காட்டுங்க சார்," என்றாள் கோமளம்.

"சீசா லேபுக்குப் போயாச்சு. ரிப்போர்ட் வர மாசக்கணக்காகும். ஃபோட்டோ இருக்கு." பிரசன்னா செல்போனை நீட்டினார். சின்னச் சின்னக் கிழங்குகள். கன்னட எழுத்தில் லேபிள். "அதிவிஷா. நானே படிச்சேன். அடியில வெள்ளப் பவுடர் வேற. இடிச்சு வெச்சிருக்கா."

"இத எனக்கு அனுப்புங்க. டீ விஷயத்துல அவ என்ன சொல்றா?"

"ஒரே பாத்திரம், ரெண்டு டம்ளர். ஒண்ணு வைத்தியருக்கு, இன்னொண்ணு மருமகன் கிரணுக்கு. கிரண் சாருக்கு ஒண்ணும் ஆகல. அப்ப பாத்திரத்துல இல்ல விஷம், டம்ளர்ல. கையில எடுத்துட்டுப் போனது இவ ஒருத்திதான்."

"டம்ளர் பக்கத்துலேந்து அவ நகரவே இல்லையா?"

"சக்கர டப்பாவக் காணோம்னு தேடப் போனாளாம். கெடைக்கலையாம். வைத்தியருக்குச் சுகர், அவருக்கு எப்பவும் போடறதில்ல. அன்னிக்கு கிரண் சாருக்கும் சக்கர இல்லாமதான் குடுத்தேன்றா. அவரக் கேட்டா, 'எப்பவும் போல இனிப்பு தூக்கல், பாதிதான் குடிச்சேன்'ங்கறாரு. சக்கரையிலயே பொய் சொல்றவ மேடம் அவ." பிரசன்னா ஃபைலை மூடினார். "எனக்குக் கஷ்டமாதான் இருக்கு. குழந்தக்காரி."

---

கடை உள்ளே ஒரு பக்கச் சுவர் முழுக்க மர இழுப்பறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் வைத்தியரின் கையெழுத்தில் ஒரு பெயர். சாதாரணக் கடைகளில் இருக்கும் வேம்பு, சீந்தில், நிலவேம்பு என்ற பெயர்கள் இங்கே இல்லை, அதே சரக்குக்கு எல்லாம் சமஸ்கிருதப் பெயர். நிம்பா, குடூசி, பூநிம்பா.

"எல்லாருமே காலேஜ் பொண்ணுங்க மாதிரி இருக்காங்களே," என்றான் ரங்கா. "ரோல் கால் எடுக்கலாம்."

மமதா செல்போன் ஃபோட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மென்பொருள் கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் வேலை அவளுக்கு. அழுது முடித்த முகம் அல்ல. அழுகையைத் தள்ளி வைத்திருந்த முகம். கோமளத்துக்கு அந்த முகம் பழக்கம். கண்ணாடியில் பார்ப்பதுதான்.

"இது விஷமே இல்ல மேடம். தமிழ்ல அதிவிடயம்னு சொல்வாங்க. பல் முளைக்கிற குழந்தைக்கு வயித்தால போனா உரசிக் குடுக்கறது. கிரேஸ் குழந்தைக்காக அப்பாதான் குடுத்திருப்பார். லேபிள் அவர் எழுதினது."

"பேர்ல ஏன் அப்ப விஷம் இருக்கு?"

"விஷத்தையும் மிஞ்சும்னு அப்பா அர்த்தம் சொல்வார். ஒரு செடிக்கு ஒரு பேர்தான்னு கிடையாது மேடம், நிறைய இருக்கும். ஒவ்வொரு பேரும் அந்தச் செடியோட ஒரு அடையாளம். எப்படி இருக்கும், எங்க முளைக்கும், என்ன செய்யும். ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி என்ன ஒப்பிக்கச் சொல்வார். தப்பாச் சொன்னா அந்த வேர்லயே ஒரு துண்டு நாக்குல வெப்பார். கசப்பு எல்லாம் எனக்கு அப்படித்தான் மனப்பாடம்." மமதா ஒரு நொடி நிறுத்தினாள். "அதிவிஷாவுக்கு இன்னொரு பேர் சிசுபைஷஜ்யா. குழந்தை மருந்து. இன்னொண்ணு குணப்பிரியா."

"எங்க அக்கா பொண்ணுக்கு வெச்சிருக்கலாம்," என்றான் ரங்கா. "நல்ல குணமான பேரு."

"நம்ம குணம் இல்ல அது. கட்டையத் துளைக்கிற புழுவுக்குச் சமஸ்கிருதத்துல 'குண'ன்னு பேர். புழுவுக்குப் பிரியமானவள்னு அர்த்தம். எவ்ளோ பத்திரமா வெச்சாலும் புழு வந்துடும்."

"வெக்காததே நல்லதாப் போச்சு."

கோமளம் ஃபோட்டோவை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். கிழங்குகளின் மேல் ஊசி குத்தியது போலத் துளைகள். ஒன்றில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும். சீசாவின் அடியில் இருந்த வெள்ளைப் பவுடரை கிரேஸ் இடிக்கவில்லை. புழு துளைத்துத் தள்ளிய தூள் அது.

பிரசன்னாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். 

"புழுவ சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாது மேடம்."

ரங்கா போன் பக்கம் குனிந்தான். "விஷத்துல இவ்ளோ குடும்பத்தோட வாழ முடியுமா சார் அது?"

"சரி, சீசாவ விடுங்க," என்றார் பிரசன்னா. குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. "டம்ளர் இருக்கே. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அதத்தான் பாக்கறேன் சார்," என்றாள் கோமளம். போனை வைத்தாள்.

"அப்பா கடைசி நாட்கள்ல யார் மேலயாவது கோபமா இருந்தாரா?" என்று மமதாவைக் கேட்டாள்.

"கோபம்தான். யார் மேலன்னு தெரியல. சாப்பிடும்போது ஒரு நாள், 'செதில் இல்லாத மீன நம்ம கடையில விக்கறாங்க'ன்னார். நாங்க சைவம் மேடம். வயசாயிடுச்சு, ஏதோ உளறார்னு நினைச்சேன்."

"மீன் பேர்ல செடி ஏதாவது இருக்கா?"

மமதாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பள்ளிக்கூடப் பெண் ஒப்பிப்பது போல. பிறகு நேராகப் போய் 'கடுகி' என்று எழுதிய இழுப்பறையை இழுத்தாள்.

"கடுகுரோகிணி. மத்ஸ்யசகலான்னு ஒரு பேர். வேர் மேல மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும்."

உள்ளே இருந்த வேர்கள் வழவழவென்று பென்சில் மாதிரி இருந்தன. மமதா ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்து, உடனே கைக்குட்டையில் துப்பினாள். "கசக்குது. ஆனா இது அவ இல்ல."

"ஆள் மாறாட்டம்," என்றான் ரங்கா.

"மாமாவும் அதத்தான் கண்டுபிடிச்சார்."

மூவரும் திரும்பினார்கள். கிடங்குக் கதவருகே கிரண் நின்றிருந்தான். மமதாவின் கணவன். மெலிந்த, களைத்த, மரியாதையான ஆள். கடைக்கு வரும் சரக்கை வாங்குவது முழுக்க அவன் பொறுப்பு.

"அத்திபெலேல பச்சைமுத்துன்னு ஒருத்தன் மேடம். இந்த வேர் அவன் சப்ளை. நான் ஏமாந்துட்டேன், என் தப்புதான். மாமா அவன் மேல கம்ப்ளெய்ன்ட் எழுதறதா இருந்தார். நாபியும் அவன்கிட்டதான் வாங்கறோம்." கிரண் குரலைத் தாழ்த்தினான். "அன்னிக்கு சாயங்காலம் அவன் இங்க வந்துட்டுப் போனான். போலீஸ்ல யாரும் கேக்கல, நானும் சொல்லத் தோணல. கிரேஸுக்கு வக்கீல் வெச்சதே நான்தான். அந்தப் பொண்ணு வெளிய வந்தா போதும்."

"இவ்ளோ நாள் ஏன் சொல்லல?" என்றாள் மமதா.

"உன் முகத்தப் பாத்தா எனக்கு எதுவுமே சொல்லத் தோணல மமதா."

கோமளம் பையை எடுத்துக்கொண்டாள். "அத்திபெலே அட்ரஸ் குடுங்க."

---

சில்க் போர்டு சிக்னலில் வண்டி நின்றபோது ரங்கா ஒரு தட்டு இட்லியை வாங்கி அவள் மடியில் வைத்தான். "சட்னி காரம். சாம்பார்ல புளி ஜாஸ்தி. சாப்பிடுங்க."

கோமளம் சாப்பிட்டாள். காகிதத்தை நனைத்து மென்றது போல் இருந்தது. "நன்றி," என்றாள்.

"மேடம், ஒரு நாளைக்கு என்னத் திட்டவாவது திட்டுங்க. நான் போன மாசம் கிளட்ச் ரிப்பேர்னு பொய் சொல்லி லீவு போட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா திட்டல? ரொம்ப பேஜாரா இருக்கு மேடம் உங்களோட."

அத்திபெலேயில் மெயின் ரோட்டை விட்டு இறங்கி, ஓசூர் லாரிகள் நிற்கும் சந்துக்குள் பச்சைமுத்துவின் கொட்டகை. கூரை வரை மூட்டைகள். உள்ளே நுழைந்தவுடன் காற்றே கசந்தது என்று ரங்கா மூக்கைப் பொத்தினான். கோமளத்துக்கு அதுவும் தெரியவில்லை.

பச்சைமுத்து கனத்த மனுஷன். கழுத்தில் துண்டு, வாயில் அசராத பேச்சு. வந்த காரணத்தைச் சொன்னதும் உட்கார்ந்த மூட்டையிலிருந்து எழுந்தார்.

"நான் ஏமாத்தினேன்னு சொன்னாரா? அம்மா, இது வேற வேரு, வெல கம்மின்னு சொல்லித்தான் குடுத்தேன். வேணும்னு கேட்டு வாங்கினவரு கிரண் சாரு. வாங்கிட்டுப் போயி அதுக்கு அவரு என்ன பேரு ஒட்டறாருன்றது என் பொறுப்பு இல்ல."

"வைத்தியர் உங்க மேல கம்ப்ளெய்ன்ட் பண்றதா இருந்தாராமே," என்றான் ரங்கா.

"என் மேலயா? நான் மூட்டை இறக்கிட்டு நிக்கறேன், பெரியவரு கிரண் சாரப் பாத்துச் சொல்றாரு: 'நாளைக்கு நானே போயி லைசென்ஸத் திருப்பிக் குடுத்துட்டு, என்ன நடந்துச்சுன்னு எழுதியும் குடுத்துடறேன்'னு. சத்தம் கூடப் போடல. சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டாரு."

"அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

"அவர் ஒண்ணு சொல்றார், நீங்க ஒண்ணு சொல்றீங்க," என்றாள் கோமளம். "நாபி உங்க சரக்கு. நீங்களும் அங்க இருந்திருக்கீங்க."

"நான் மாடிப்படி மிதிக்கவே இல்லம்மா. சிறுகுறிஞ்சான் மூட்டை கொண்டு போனேன், அவரு பரிட்சை பாத்தாரு, வந்துட்டேன்."

"என்ன பரிட்சை?"

"எங்க தொழில்ல வழக்கம்." பச்சைமுத்து ஒரு மூட்டையில் கைவிட்டு, காய்ந்த இலைகள் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் நீட்டினார். "இலைய மெல்லணும். துப்பிட்டு ஒரு சிட்டிகை சக்கரைய வாயில போடணும். இனிச்சா இலை பழசு. இனிக்கலன்னா நல்ல சரக்கு. எல்லாரும் ஒரு மூட்டைக்குப் பாப்பாங்க, கிரண் சாரு ஒவ்வொரு மூட்டையும் பாப்பாரு. நம்மள நம்ப மாட்டாரு. நீங்க வேணா மென்னு பாருங்க."

"மேடம், சந்தேகப்பட்ட ஆள் குடுக்கறதத் திங்காதீங்க," என்றான் ரங்கா. "அடிப்படைப் பாடம் இது."

கோமளம் இலையை வாயில் போட்டு மென்றாள். இட்லிக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது என்றுதான் நினைத்தாள். முதல் கடியில் எதுவுமில்லை. இரண்டாவதில், நாக்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு கசப்பு மெதுவாகக் கிளம்பி மேலேறியது. அவளை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. கசப்பு. ரங்கா சொல்லாமல் தானாகத் தெரிந்த கசப்பு. துப்பினாள்.

பச்சைமுத்து டீக்கடைப் பொட்டலத்திலிருந்து சர்க்கரையைக் கொட்டினார். வாயில் போட்டாள். ஆற்று மணலை அள்ளிப் போட்டது போல் பல்லிடுக்கில் நறநறத்தது. ஒரு பொட்டு இனிப்பு இல்லை.

கைப்பையில் செல்போனைத் தேடி எடுத்து மமதாவைக் கூப்பிட்டாள். "சிறுகுறிஞ்சானுக்கு உங்கப்பா என்ன பேர் எழுதியிருக்கார்?"

ஒப்பித்துப் பழகிய நாக்கு யோசிக்காமல் சொன்னது: "மதுநாசினி. இனிப்பை அழிக்கிறவள். ஏன் மேடம்?"

"வந்து சொல்றேன்."

போனை வைத்துவிட்டுப் பச்சைமுத்துவைக் கேட்டாள்: "இது எவ்ளோ நேரம் நிக்கும்?"

"ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அல்வா தின்னாலும் மண்ணுதான்."

"அன்னிக்குப் பரிட்சை பாத்த சக்கர எங்கேந்து வந்துச்சு?"

"மாடியிலேந்து சக்கர டப்பாவே எடுத்தாந்தாரு. கெடங்குலயேதான் வெச்சிருந்தாரு. பாத்து முடிச்சு வாயத் தொடைக்கறாரு, மேலேந்து பெரியவரு, 'டீ வருது, ஏறி வாங்க'ன்னு குரல் குடுத்தாரு. என்னையும்தான் கூப்பிட்டாரு. வண்டிய ரோட்டுல நிறுத்தியிருந்தேன், கெளம்பிட்டேன். போயிருந்தா..." பச்சைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். 

கோமளம் ஒரு பிடி இலையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

"ரங்கா, பிரசன்னாவக் கடைக்கு வரச் சொல்லு. யூனிஃபார்ம் வேணாம். சும்மா துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருக்கட்டும்."

"என்ன சொல்லிக் கூப்பிடறது?"

"புழுவுக்குத் துணையா இன்னொரு சாட்சி கெடைச்சிருக்குன்னு சொல்லு."

---

அவர்கள் திரும்பியபோது கடையில் விளக்கு போடும் நேரம். பிரசன்னா கட்டம் போட்ட சட்டையில் முக்காலி மேல் அசௌகரியமாக உட்கார்ந்திருந்தார். மமதா கல்லா அருகே நின்றாள். கிரண் எழுந்து நாற்காலியைக் கோமளத்துக்கு நகர்த்தினான்.

"பச்சைமுத்து என்ன சொன்னான் மேடம்?"

"நிறையப் பேசறார்." கோமளம் காகிதப் பொட்டலத்தை மேஜையில் பிரித்தாள். "புது லோடு வந்திருக்காம், சாம்பிள் குடுத்து அனுப்பினார். நீங்க பாத்துச் சொன்னாதான் இறக்குவாராம்."

கிரணின் முகத்தில் லேசான எரிச்சல் ஓடியது. இந்த நேரத்தில் வியாபாரமா என்கிற எரிச்சல். ஆனால் கை தானாகப் போய்விட்டது. இலையை முறித்தான், முகர்ந்தான், நரம்பைப் பார்த்தான். வாயில் போட்டு மென்றான். "மமதா, சக்கர."

மமதா மாடிக்குப் போய் டப்பாவை எடுத்துவந்தாள். கிரண் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு தலையசைத்தான். "மண்ணு. நல்ல சரக்கு. பொய்யனா இருந்தாலும் இலை மட்டும் நல்லதா குடுப்பான்." டப்பாவைத் தள்ளி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு வாய் டீ கெடைக்குமா மமதா?" என்றாள் கோமளம். "அலைச்சல்."

மமதா மறுபடி மாடி ஏறினாள்.  ரங்கா இழுப்பறைகளின் பெயர்களை முணுமுணுப்பாகப் படித்துக்கொண்டிருந்தான். பிரசன்னா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கோமளத்தைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் கிரணின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கம் இல்லை. நல்ல கைகள்.

டீ வந்தது. எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிரசன்னா ஒரு வாய் குடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரங்காவின் செருப்புக்கால் அவர் கால்மேல் உட்கார்ந்தது. வாயை மூடிக்கொண்டார்.

கிரண் பாதி குடித்திருந்தான்.

"கிரண்," என்றாள் கோமளம், "அன்னிக்கு கிரேஸ் குடுத்த டீ எப்படி இருந்துச்சு?"

"ஸ்டேட்மென்ட்லயே சொன்னேனே. இனிப்பு தூக்கல்."

"இது எப்படி இருக்கு?"

கிரண் டம்ளரைப் பார்த்தான். பிறகு மேஜைமேல் கிடந்த இலைத் துணுக்கைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது. நாக்கில் எதுவும் தெரியவில்லை என்று சொன்னால், அன்றைக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று அடுத்த கேள்வி வரும். வேறு வழியில்லை.

"இதுவும்தான்," என்றான். "இந்த வீட்டுல எல்லாருக்குமே சக்கர கை கொஞ்சம் தாராளம்."

"நான் சக்கரையே போடலையே," என்றாள் மமதா.

கடைக்கு வெளியே ஒரு ஆட்டோ திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

"டப்பா இங்கதான இருக்கு," என்றாள் மமதா மறுபடியும். மூட்டைக்குப் பின்னால் கையைவிட்டு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். "மறந்துட்டு மேலயே தேடினேன். இல்ல. சரின்னு சும்மாவே..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. இதே வாக்கியத்தை ஏற்கெனவே ஒருத்தி போலீஸில் சொல்லியிருக்கிறாள், யாரும் நம்பவில்லை என்பது அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

கோமளத்தின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அன்னிக்கும் இதே இலைதான். இதே டப்பா கீழ வந்துச்சு, அத மேல கிரேஸ் தேடிப் போனா. ட்ரே தனியா இருந்துச்சு. சக்கர போடாத டம்ளர் மாமாவோடதுன்னு வழக்கம், ட்ரேல எந்தப் பக்கம் வெப்பான்னும் உங்களுக்குத் தெரியும். மென்னுட்டுப் போன வாயில பாயசமே குடிச்சாலும் இனிச்சிருக்காது. நெஜமா குடிச்சிருந்தா, 'சப்புனு இருந்துச்சு'ன்னு சொல்லியிருப்பீங்க. குடிக்கல. எதுல போட்டோம்னு தெரிஞ்சும், பக்கத்து டம்ளர வாயில வெக்க தைரியம் வரல. எங்கயோ கொட்டிட்டு, எப்பவும் சொல்றதயே போலீஸ்லயும் சொல்லிட்டீங்க."

"இதெல்லாம் ஒரு..." கிரண் பிரசன்னாவைப் பார்த்தான். "சார், ஒரு இலைய வெச்சு..."

"இலை மட்டும் இல்ல," என்றார் பிரசன்னா, எழுந்துகொண்டே. "பச்சைமுத்து இருக்கான். லைசென்ஸ் விஷயம் இருக்கு. வாங்க, ஸ்டேஷன்ல பேசலாம். நானும் கொஞ்சம் கேக்க வேண்டியத கேக்காம விட்டிருக்கேன்."

கிரண் மமதாவைப் பார்த்தான். "அவர் எல்லாத்தையும் மூடறேன்னார் மமதா. ஒரே நாள்ல. நான் இத்தன வருஷம் தூக்கிச் சுமந்தத." குரல் உடையவில்லை. கணக்கு தப்பிவிட்ட ஆள் பேசுவது போலவே பேசினான். "உன்கிட்ட சொல்லியிருந்தா நீயும் அவர் பக்கம்தான் நின்னிருப்ப."

 பிரசன்னா அவன் முழங்கையைத் தொட்டார். இருவரும் படியிறங்கிப் போனார்கள். வாசலில் பிரசன்னா திரும்பி, "காலையில கோர்ட்டுல நானே நிக்கறேன் மேடம். கிரேஸ் வந்துடுவா," என்றார்.

ரங்கா ஏற்கெனவே போனை எடுத்திருந்தான். "லூர்துமேரியம்மா, நான் ரங்கா. குழந்தை என்ன பண்ணுது... அழட்டும் அழட்டும், இன்னிக்கு ஒரு நாள். நாளைக்கு அவங்க அம்மாகிட்ட புகார் சொல்லிக்கட்டும்." பேசிக்கொண்டே வெளியே போனான். அவன் குரல் கரகரத்ததைக் கோமளம் கவனித்தாள். அவளுக்குள் எதுவும் கரகரக்கவில்லை.

கடையில் இரண்டு பெண்கள் மட்டும்.

"யாரா இருந்தாலும்னு சொன்னேன்ல," என்றாள் மமதா.

"சொன்னீங்க."

"ஒரு வேள அப்பவே எனக்கு..." மமதா தலையை ஆட்டிக்கொண்டாள். திறந்து கிடந்த 'கடுகி' இழுப்பறையை உள்ளே தள்ளி மூடினாள். பிறகு ஆறிப்போன டம்ளர்களை எடுத்தாள், கிரண் குடித்துவிட்டு வைத்ததைத் தவிர. சர்க்கரை டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். "இருங்க மேடம். சூடா வேற போட்டுத் தரேன். அலைஞ்சிருக்கீங்க."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள் கோமளம். சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கைக்கு இப்போது ஒரு வேலை வேண்டும். அது எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

மேலே பாத்திரம் வைக்கும் சத்தம், ஸ்பூன் சத்தம். வெகுநேரம் ஸ்பூன் சத்தம் மட்டுமே கேட்டது. பிறகு மமதா இரண்டு டம்ளர்களோடு இறங்கிவந்து, எதிர் முக்காலியில் உட்கார்ந்தாள்.

கோமளம் ஒரு வாய் குடித்தாள். அத்திபெலே இலை எப்போதோ நாக்கை விட்டுப் போயிருந்தது. டீ இனித்தது. உச்சந்தலை வரை இனித்தது. போன கோடைக்குப் பிறகு யாரும் சொல்லாமல் தெரிந்த முதல் இனிப்பு. சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று தோன்றியது. அதற்கான நேரம் இதுவல்ல என்றும் தோன்றியது.

"சக்கர ஜாஸ்தியா போட்டுட்டேனா?" என்றாள் மமதா.

"பரவால்ல. உங்களுக்கு எப்படி இருக்கு?"

மமதா தன் டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். விடை தெரியாத கேள்வி கேட்கப்பட்டது போல டம்ளருக்குள் உற்றுப் பார்த்தாள்.

"தெரியல மேடம்," என்றாள்.